அப்டேட்டுக்குப் பிறகு கணினி ஹேங் ஆகிறதா? ஃபார்மட் போடும் முன் இதைப் படியுங்கள்

நாளை விண்ணப்பிக்கக் கடைசி நாள். மகளின் சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து மடிக்கணினியில் வைத்திருக்கிறீர்கள். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தால், அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரை சொல்கிறது. ஒருவழியாக அது முடிந்து டெஸ்க்டாப் வருகிறது. பிரவுசரைத் திறந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மவுஸ் அம்பு நட்ட நடுவில் நின்றுவிடுகிறது. எதைத் தட்டினாலும் அசைவில்லை.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். பவர் பட்டனை அழுத்தி அணைப்போம், மறுபடி போடுவோம், மறுபடி ஹேங். மறுநாள் காலையில் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். "ஃபார்மட் போட்டா சரியாயிடும் சார்" என்பார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம். கணினி ஓடத் தொடங்கிவிடும். ஆனால் சான்றிதழ்களின் நகல், குடும்பப் புகைப்படங்கள், வருமான வரிக் கணக்குகள் எல்லாம் போயே போச்சு.

கொஞ்சம் பொறுங்கள். அப்டேட்டை ஒட்டி வரும் ஹேங் பெரும்பாலும் மென்பொருள் கோளாறுதான். கோப்புகளை இழக்காமலேயே சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11 என்பதால், அவற்றுக்கான வழிமுறையை இங்கே பார்ப்போம். கணினி நின்றிருந்தாலும் கைபேசி கையில் இருக்கிறதே, இந்தக் கட்டுரையை அதில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

முதலில் விண்ணப்பம், பிறகு கணினி

கடைசி நாள் நெருக்கத்தில் இருந்தால், கணினியைச் சரிசெய்ய உட்கார வேண்டாம். பல இணையதளங்கள் கைபேசி பிரவுசரிலும் வேலை செய்யும். டிஜிலாக்கரில் சான்றிதழ்கள் இருந்தால் அங்கிருந்து பதிவிறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அசல் சான்றிதழ்களுடன் பக்கத்து அரசு இ-சேவை மையத்துக்குச் சென்று, அந்த விண்ணப்பத்தை அங்கே செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

கட்டணம் செலுத்தும்போது ஹேங் ஆகியிருந்தால் அவசரப்பட்டு இரண்டாவது முறை பணம் கட்டாதீர்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா பாருங்கள். பிறகு கைபேசியில் அதே விண்ணப்ப எண்ணுடன் உள்நுழைந்து, கட்டணம் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா?

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே சதவீதத்தில் அரை மணி நேரம் நிற்பது புதிதல்ல. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில் இன்னும் நேரம் எடுக்கும். வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். சார்ஜரைச் செருகிவிட்டு அப்படியே விடுங்கள். பாதியில் மின்சாரத்தை நிறுத்துவதுதான் இருக்கிற சிக்கல்களிலேயே பெரிய சிக்கல். பல மணி நேரம் ஆகியும் எந்த அசைவும் இல்லை, விளக்கும் மின்னவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனைத் தொடலாம்.

டெஸ்க்டாப் வந்த பிறகு ஹேங் ஆனால், கேப்ஸ் லாக் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, திரைதான் சிக்கியிருக்கக்கூடும். விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒரு முறை சிமிட்டித் திரும்பும். திரைக்கான டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கும் குறுக்குவழி இது. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, குரோம் போன்ற செயலிகளைப் பயன்படுத்தும்போது சில கணினிகள் நின்றன. அப்போது மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொன்ன தற்காலிக வழி இதுதான். மே 8 அன்று திருத்தமும் வந்துவிட்டது.

கணினி முழுவதும் நிற்காமல் ஆமை வேகத்தில் நகர்ந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். 'டிஸ்க்' என்ற பத்தியில் 100 சதவீதம் காட்டுகிறதா? அப்டேட் முடிந்த பிறகும் விண்டோஸ் பின்னணியில் கோப்புகளைப் பட்டியலிடும், மிச்சமிருக்கும் டிரைவர்களை இறக்கும். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய மடிக்கணினிகளைப் போல நினைவகம் குறைவாக உள்ளவற்றில் இது நன்றாகவே தெரியும். ஒன்றிரண்டு மணி நேரம் எதையும் திறக்காமல் விட்டாலே பல கணினிகள் தெளிந்துவிடும்.

எதற்குமே அசையவில்லை என்றால், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். பென் டிரைவ், பிரிண்டர், கைரேகைக் கருவி என வெளியே செருகிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். கணினி வந்ததும் ஒரு முறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' வேண்டாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அதே நிலையில் திரும்ப வரும். முழுமையாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

சேஃப் மோடில் நுழையுங்கள்

மறுபடியும் ஹேங் ஆனால் அடுத்த படி சேஃப் மோடு. மிக அடிப்படையான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் இயங்கும் நிலை இது.

கடவுச்சொல் கேட்கும் திரை வரை வர முடிகிறதா? ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே, அங்குள்ள பவர் குறியில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுவரைகூட வரவில்லை என்றால், விண்டோஸ் தொடங்கும்போதே பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கத் திரை தானாக வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று வரிசையாகச் செல்லுங்கள். பிறகு வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு, 5 என்றால் இணைய வசதியுடன் கூடிய சேஃப் மோடு.

இடையில் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைச் சில கணினிகள் கேட்கும். பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கணினியைப் பயன்படுத்தி வந்திருந்தால், கைபேசி பிரவுசரில் அதே கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

சேஃப் மோடில் கணினி ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியானால் அனேகமாக ஒரு டிரைவரோ ஆன்டிவைரஸ் போன்ற வெளி மென்பொருளோதான் புதிய அப்டேட்டோடு ஒத்துப்போகவில்லை. சேஃப் மோடிலும் நின்றால், நினைவகம், வட்டு, சூடாவது போன்ற வன்பொருள் கோளாறையும் பார்க்க வேண்டியிருக்கும்.

உலகமே ஒரு நாள் இந்தச் சேஃப் மோடை நம்பியிருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல கணினிகளைச் சரிசெய்தது எப்படித் தெரியுமா? சேஃப் மோடில் நுழைந்து, பழுதான அந்த ஒரு கோப்பை நீக்கினார்கள். அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை.

கோப்புகளை வெளியே எடுங்கள்

சேஃப் மோடு வந்துவிட்டதா? வேறு எதையும் தொடுவதற்கு முன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றில் உள்ளவற்றை ஒரு பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ நகலெடுங்கள். சான்றிதழ்களையும் வரிக் கணக்குகளையும் முதலில் எடுங்கள். இது முடிந்துவிட்டால் இனி எந்தப் படி தவறினாலும் நஷ்டம் கணினியோடு நிற்கும்.

பழைய நிலைக்குத் திரும்புங்கள்

இப்போது கோளாறைப் பார்க்கலாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்குச் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் உள்ள பெயரை இருமுறை சொடுக்கி, 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் உயிரோடு இருந்தால் அதைக் கொடுங்கள். திரைக்கான பழைய டிரைவர் திரும்பிவிடும். ஆன்டிவைரஸை வெளியிலிருந்து வாங்கிப் போட்டிருந்தால், அதை நீக்கியும் பார்க்கலாம். அதுவரை விண்டோஸில் உள்ள பாதுகாப்பு வசதி போதும்.

அதற்கும் கேட்கவில்லை என்றால் அப்டேட்டையே நீக்கலாம். முன்பு சொன்ன பழுதுநீக்கத் திரையின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. அதில் இரண்டு வழிகள் உண்டு. மாதாந்திரச் சிறிய அப்டேட் என்றால் 'குவாலிட்டி அப்டேட்', விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால் 'ஃபீச்சர் அப்டேட்'.

பதிப்பு மாறியிருந்தால் ஒரு கெடுவை மனதில் வையுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி பொதுவாக 10 நாள்தான் இருக்கும். அதற்குப் பிறகு விண்டோஸ் பழைய பதிப்பின் கோப்புகளை நீக்கிவிடும். இடம் போதவில்லை என்று 'டிஸ்க் கிளீனப்' போட்டு, 'முந்தைய விண்டோஸ்' என்பதை நீங்களே அழித்துவிட்டால் 10 நாள்கூட இல்லை. அதனால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். திரும்பிப் போகும்போது உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும், அப்டேட்டுக்குப் பின் நிறுவிய செயலிகள் மட்டும் போய்விடும்.

பழைய நிலைக்கு வந்ததும் செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதிக்குச் சென்று, சில வாரங்களுக்கு 'பாஸ்' கொடுங்கள். இல்லாவிட்டால் அதே அப்டேட் மறுபடி வந்து நிற்கும். 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10-க்கு வந்த ஆனிவர்சரி அப்டேட்டில், விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யிலும் செயலிகளும் கோப்புகளும் வேறு வட்டிலும் இருந்த சில கணினிகள் உறைந்தன. அந்த மாத முடிவிலேயே திருத்தம் வந்தது. பரவலான கோளாறு என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் விடிவு கிடைத்துவிடும்.

அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போயிருந்தால், கைபேசியை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, அதன் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யு.எஸ்.பி. டெதரிங்' போடுங்கள். கணினிக்கு இணையம் கிடைத்துவிடும், தேவையான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன்

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும், தவறில்லை. ஆனால் கொடுக்கும்போதே "டேட்டாவை பேக்கப் எடுக்காம ஃபார்மட் பண்ணாதீங்க" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். டிஜிட்டல் கையொப்பக் கருவி செருகியிருந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள். வந்த பிழைச் செய்தியைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். 'ரீசெட் திஸ் பிசி' போட வேண்டும் என்றால் 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற வழியைக் கேளுங்கள். அதில் செயலிகள் போனாலும் சொந்தக் கோப்புகள் தங்கும்.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் உதவி எண்ணை அழைத்துவிடாதீர்கள். கணினித் திரையில் திடீரென்று தோன்றும் எண்ணையும் நம்ப வேண்டாம். பேசுபவர் ஒரு செயலியை நிறுவச் சொல்லி, உங்கள் கணினியையோ கைபேசியையோ தன் கைக்குள் எடுத்துக்கொள்வார். அப்படி ஏமாந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

அடுத்த அப்டேட்டுக்குள்

"இனிமே அப்டேட்டே வேணாம்" என்று தோன்றும். அதுவும் ஆபத்து. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை வைரஸைத் தடுக்கும் அப்டேட் அதற்கு முந்தைய மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், பலர் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் வேண்டும். தகுதியில்லாத கணினியில் குறுக்குவழியில் ஏற்றினால் ஹேங் ஆகும் வாய்ப்பை நாமே வரவழைக்கிறோம்.

ஆக, அப்டேட் போடுங்கள், நேரம் பார்த்துப் போடுங்கள். கடைசி நாளுக்கு முந்தைய இரவு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், சார்ஜரைச் செருகி, வட்டில் 20 ஜி.பி. அளவுக்காவது இடம் விட்டுப் போடுங்கள்.

உங்கள் கணினி இன்று நன்றாகத்தான் ஓடுகிறதா? அப்படியானால் இன்றைக்கே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து பீரோவில் வையுங்கள். பிட்லாக்கர் எண் இருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அரை மணி நேர வேலைதான்.