மலையில் தூங்க ஒரு பை!
குறைந்த விலையில் பார்த்து வாங்குவது எப்படி?

பங்குனி மாதத்தில் துடியலூரில் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பவருக்குப் போர்வையே பாரம். அதே இரவில் வெள்ளியங்கிரி ஏழாவது மலையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல் கிட்டிப் போகிறது!

காரணம் உயரம்தான். கோவை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர். வெள்ளியங்கிரி உச்சியோ 1,700 மீட்டரைத் தாண்டுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கீழே இரவில் 22 டிகிரி என்றால், மேலே 13 அல்லது 14தான். காற்று வேறு சுழற்றி அடிக்கும்.

பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை மலையேற விடுகிறது. முன்பெல்லாம் தோளில் கம்பளி, கையில் மூங்கில் தடி. இப்போது இளைஞர் பலர் முதுகில் "ஸ்லீப்பிங் பேக்" என்னும் தூக்கப் பையையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துவிட்டால் மெத்தையும் போர்வையும் அதுவே.

சீட்டைப் படியுங்கள்!

ஆயிரம் ரூபாயை ஒட்டியும் பை கிடைக்கிறது. பத்தாயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. விலையைப் பார்க்கும் முன் பையில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் இரண்டு மூன்று டிகிரி எண்கள் இருக்கும். "கம்ஃபர்ட்" என்று போட்டிருக்கும் எண்தான் நிம்மதியாகத் தூங்குவதற்கு. "லிமிட்", "எக்ஸ்ட்ரீம்" என்பவை அதைவிடக் குறைந்த எண்கள். எக்ஸ்ட்ரீம் என்பது தூக்கத்துக்கான அளவே அல்ல. உயிர் தப்புவதற்கான அளவு! பெரிய எழுத்தில் அதை மட்டும் அச்சிட்டிருந்தால் ஏமாற வேண்டாம்.

வெள்ளியங்கிரிக்கு 10 டிகிரி கம்ஃபர்ட் உள்ள பை தாராளம். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும். அங்கே வெட்டவெளியில் கூடாரம் அடித்துப் படுப்பவருக்கு இது போதாது. பூஜ்ஜியத்தை ஒட்டிய எண் வேண்டும்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். வாத்து இறகு அடைத்தது எடை குறைவு, சூடு அதிகம், விலையும் அதிகம். நனைந்தால் கட்டிதட்டிச் சூடு போய்விடும். பாலியெஸ்டர் பஞ்சு அடைத்தது கொஞ்சம் கனம். ஆனால் ஈரத்தைத் தாங்கும், விலை மலிவு. நம் பக்கத்து மலைகளுக்கு இதுவே போதும்.

கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். கால் முட்டக் கூடாது. ஜிப் துணியைக் கடிக்கக் கூடாது. வளரும் பிள்ளையாயிற்றே என்று மிகப் பெரிய பை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் வெற்று இடத்தையும் பிள்ளையின் உடம்புதான் சூடாக்க வேண்டும்.

பை மட்டும் போதாது

படுத்ததும் முதுகுக்கு அடியில் உள்ள பஞ்சு நசுங்கிவிடும். தரையின் குளிர் அந்த வழியாகத்தான் ஏறும். ஆகவே அடியில் ஒரு ஃபோம் பாய் அவசியம். வியர்த்த பனியனோடு உள்ளே புகாதீர்கள். பையில் ஒரு மாற்று பனியன், காதுக்கு ஒரு மப்ளர் இருக்கட்டும்.

வருஷத்துக்கு ஒரு தரம்தான் மலைக்குப் போகிறவரா? வாங்கவே வேண்டாம். கோவையில் வாடகைக்கும் கிடைக்கிறது. சென்னிமலைப் போர்வை இரண்டும் பவானி ஜமக்காளமும் வீட்டில் இருந்தால், கூரையுள்ள இடத்தில் தங்க அவையே போதும். நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பருத்தி ஈரத்தைக் குடித்தால் லேசில் காயாது.

வாங்கியவர்கள் திரும்பி வந்ததும் பையை உறையில் திணித்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். நாள்பட அமுங்கிக் கிடந்தால் பஞ்சு மறுபடி எழும்பாது. நிழலில் உலர்த்தி, பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு வைத்தால் பல வருஷம் உழைக்கும்.