சராசரிக்குள் அடங்காத அச்சம்

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், மறைமலைநகரில் மகிழுந்து செய்துவந்த ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அவ்வாலையில் நேரடியாகப் பணிபுரிந்தோர் ஏறத்தாழ 2,600 பேர். அதே நிதியாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 8 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. பெருந்தொற்று ஆண்டின் பள்ளத்திலிருந்து ஏறியதால் அதில் ஒரு பகுதி மீட்சியே எனினும், ஏடுகளில் அது வளர்ச்சியாகவே பதிவாயிற்று.

தென்சென்னைப் புறநகருக்கு இத்தகைய மூடல் புதிதில்லை. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கி, உச்சக் காலத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை அளித்த நோக்கியா ஆலை, வரி வழக்குகளில் சிக்கி 2014 நவம்பரில் நின்றது. அவ்வாண்டும் நாடு 7 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. அதற்கும் முன்னே, 1980களின் இறுதியில், பெருங்களத்தூரை ஒட்டி இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை ஓய்ந்தது. தாம்பரத்தைச் சுற்றி வாழும் உழைப்பாளிக் குடும்பங்களில் தந்தைக்கு ஒரு மூடல் நினைவிருக்கும். மகனுக்கு வேறொரு மூடல் நினைவிருக்கும். பொருளாதாரம் வளர்கையில் இவர்கள் அஞ்சுவதேன் என்று வியப்போர், அச்சத்தை அறியாமை என்று கருதிவிடுகிறார்கள். அக்கருத்து அறிவியலுக்குப் பொருந்தாது.

வளர்ச்சி வீதம் ஒரு கூட்டுத்தொகையின் மாற்றம். அத்தொகை எவரிடம் சேர்ந்தது, எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வராமற்போயிற்று என்பவற்றை அது சொல்லாது. சொல்வதற்காக அமைக்கப்பட்டதும் இல்லை. இரு தொழிலாளர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மாதந்தோறும் 18,000 ரூபாய் பெறுகிறார். மற்றவர் எட்டு மாதம் மிகைநேர வேலையுடன் 24,000 ரூபாயும், ஆலையில் வேலை குறையும் நான்கு மாதம் 6,000 ரூபாயும் பெறுகிறார். ஆண்டு முடிவில் இருவரும் ஈட்டியது 2,16,000 ரூபாய். புள்ளியியலாளரின் ஏட்டில் இருவரும் ஒருவரே. ஆனால் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீட்டு வாடகை மாதம் பிறந்தவுடன் கேட்கப்படுகிறது. வண்டித் தவணையும் சீட்டுப் பணமும் அவ்வாறே. இரண்டாமவர் குறைந்த நான்கு மாதங்களிலும் வட்டிக்கு வாங்குகிறார். அவருடைய ஆண்டு வருமானத்தின் ஒரு பங்கை ஏற்றவிறக்கமே தின்றுவிடுகிறது.

அந்த ஏற்றவிறக்கம் எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் மையம். ஆலைக்கு வரும் கொள்முதல் ஆணைகள் எக்காலத்திலும் ஏறியிறங்கியே வந்துள்ளன. முற்காலத்தில் அதன் சுமையைப் பெரும்பாலும் ஆலையே தாங்கிற்று. வேலை குறைந்த மாதத்திலும் நிரந்தரத் தொழிலாளருக்கு ஊதியம் கொடுத்தது. இன்று அச்சுமை ஒப்பந்தத்தின் வழியே தொழிலாளரின் தோளுக்கு மாற்றப்படுகிறது. நடுவணரசின் ஆண்டுத் தொழில் ஆய்வின்படி, ஆலைத் தொழிலாளருள் ஒப்பந்தக்காரர் வழி அமர்த்தப்பட்டோர் 2000ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்தனர். 2022–23இல் ஐந்தில் இருவராயினர்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியே ஒரகடம் செல்லும் வாலாஜாபாத் சாலையில், விடியுமுன் நிறுவனப் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. ஒரே பேருந்தில், அடுத்தடுத்த இருக்கைகளில், நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பயிற்சியாளர் என்று பெயரிடப்பட்டவரும் அமர்ந்திருப்பார்கள். இறங்கிய பின் ஒரே வரிசையில் நின்று ஒரே உதிரியைப் பூட்டுவார்கள். வேறுபாடு கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருக்கிறது: ஒன்றில் ஆலையின் பெயர், மற்றொன்றில் ஒப்பந்தக்காரரின் பெயர்.

தமிழ்நாட்டில் இதற்கெனவே ஒரு சட்டம் உண்டு. 24 மாதங்களில் 480 நாள் இடையறாது பணிபுரிந்தவர் நிரந்தரத் தகுதி பெறுவார் என்று 1981ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நல்ல நோக்குடைய சட்டம். ஆயினும் அந்த 480 என்னும் எண் தொழிலாளிக்குத் தெரிவதுபோலவே ஆளெடுப்பவருக்கும் தெரியும். நாள் நெருங்குகையில் பணியை இடைநிறுத்தி "பிரேக்" கொடுப்பதும், வேறோர் ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்குப் பெயரை மாற்றுவதும், பயிற்சிக் காலத்தை நீட்டுவதும் இப்பகுதியில் எவரும் அறிந்த வழக்கங்கள். ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்ட பணியிலேயே ஒருவர் உழைத்திருந்தாலும் அவர் தானாக முதன்மை நிறுவனத்தின் தொழிலாளி ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001இல், இந்திய எஃகு ஆணையத்தின் வழக்கில், தீர்ப்பளித்தது. அதன்பின் பாதுகாப்பைத் தேடி நீதிமன்றம் செல்லும் வழியும் நெடியதாயிற்று.

இந்த நிலையின்மை உடலை என்ன செய்கிறது என்று அறிய, இனி உடலியலுக்கு வருவோம். 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினி விளையாட்டொன்றில் ஈடுபடுத்தினர். திரையில் தோன்றும் கற்களின் அடியில் பாம்பு உண்டா இல்லையா என ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலியூட்டும் மின்னதிர்ச்சி. வியர்வையும் கண்பாவையின் விரிவும் அளக்கப்பட்டன. அதிர்ச்சி உறுதி என்று அறிந்தபோது எழுந்த உளவழுத்தத்தைவிட, வருமா வராதா என்பது சரிபாதி ஐயமாக இருந்தபோது எழுந்த அழுத்தமே மிகுதி. ஒப்பந்தம் நீடிக்குமா என்று மாதந்தோறும் காத்திருப்பவர் இந்தச் சரிபாதியில்தான் வாழ்கிறார்.

பிரித்தானிய அரசு ஊழியரை 1985 முதல் தொடர்ந்து ஆராய்ந்த வைட்ஹால் ஆய்வும் இதையே வேறுவழியில் காட்டியது. துறையொன்று தனியார்மயமாகப் போகிறது என்ற செய்தி பரவிய காலத்திலேயே, ஒருவரும் வேலை இழக்காத நிலையிலேயே, அத்துறையினரின் உடல்நலம் பிறரைவிடக் குன்றியது.

நம் மண்ணிலேயே நடந்த ஆய்வும் உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் கரும்பு உழவர் 464 பேரை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். அதே உழவர், கையில் பணமில்லாத அறுவடைமுன் நாட்களில் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கினார். பணம் வந்தபின் மேம்பட்டார். பொருட்கவலை சிந்திக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. தவணை நாளை எண்ணியபடி இரவுமுறையில் அழுத்தப்பொறி முன் நிற்பவரின் விரல்களை எண்ணும்போது, இம்முடிவு எனக்கு வெறும் ஏட்டறிவாகத் தோன்றுவதில்லை.

வளர்ச்சியின் பயன் எங்குச் சேர்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2023–24இல் பெருநிறுவனங்களின் இலாபம் 22.3 விழுக்காடு உயர்ந்தபோது வேலைவாய்ப்பு 1.5 விழுக்காடே உயர்ந்தது என்று நடுவணரசின் பொருளாதார ஆய்வறிக்கையே எழுதியது. ஆலைகளின் நிகர மதிப்புக்கூட்டலில் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்தது. இன்று அதில் பாதியை ஒட்டி நிற்கிறது. வேளாண்மைக்கு வெளியே முறையான மாத ஊதியம் பெறுவோரிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் எழுத்துமூல ஒப்பந்தம் இல்லை.

விழுபவரைத் தாங்க நாம் விரித்துள்ள வலை மிகச் சிறிது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வழியே 2018 முதல் வழங்கப்படும் வேலையிழப்பு உதவி, வாழ்நாளில் 90 நாளுக்கு மட்டும், சராசரி ஊதியத்தில் பாதி. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் பெறுவோர் பொதுவாக அக்காப்பீட்டுக்குள்ளேயே வருவதில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு அரசின் முன்னனுமதி கோரும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தியுள்ளது. உதிரிபாகம் செய்யும் நடுத்தர ஆலைகள் பல இவ்விரு எண்களுக்கும் இடையே அமைந்தவை. ஏற்றவிறக்கத்தின் சுமை மேலும் கீழ்நோக்கி நகரும் என்றே நான் அஞ்சுகிறேன். ஆண்டுதோறும் உற்பத்தியின் வளர்ச்சியை அறிவிக்கும் அரசு, குடும்பங்களின் மாத வருமானம் எவ்வளவு ஏறியிறங்கிற்று என்பதையும் மாவட்டவாரியாக அளந்து அதே மேடையில் அறிவிக்க வேண்டும். அளக்கப்படாத சுமைக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

2024 செப்டம்பரில் திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். 37 நாள் நீடித்தது. இப்பகுதியின் அளவுகோலில் அவர்கள் நிலையான வேலையில் இருந்தவர்கள். ஊதிய உயர்வும் கேட்டார்கள். ஆயினும் அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்த கோரிக்கை, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. நாளை ஆலையில் என்ன நிகழும் என்பதை முடிவெடுக்கும் பேச்சில் தங்களுக்கும் ஓரிடம் வேண்டுமென்று கேட்டார்கள். சங்கம் 2025 சனவரியில் பதிவாயிற்று.