வளர்ப்புக் கிளி பறந்துபோனால் தேடும் விதமும், பட்சிகளை வெளியில் காக்கும் விதமும்

சோளத்தையும் சூரியகாந்தியையும் கிளிகளினின்று காப்பது எவ்வாறு என்பது விவசாயிகள் யாவரும் கேட்கும் கேள்வியாகும். கிளியையே காப்பது எவ்வாறு என்று கேட்கும் மிராசுதாரர்களும் இப்பொழுது இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா தேசத்துக் காக்கடீல், ஜனங்கள் லவ்பேர்ட்ஸ் என்றே அழைக்கும் பட்ஜரிகர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலியவை கிராமத்து வீடுகளிலும் குழந்தைகளின் பொருட்டு வளர்க்கப்படுகின்றன. அவை கைதவறிப் பறந்துபோனால் வீட்டில் அடுப்பு மூட்டுவதுகூட நின்றுவிடுகிறது. ஆகையால் இவ்விஷயம் விவசாயப் பத்திரிகைக்குப் புறம்பானதன்று.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுதல் நலம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா போன்ற அயல்நாட்டுப் பட்சிகளை வைத்திருப்போர் 2024ஆம் வருஷத்து விதிகளின்படி அவற்றைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிவுச் சீட்டு இருந்தால், தொலைந்த பட்சி தம்முடையதே என்று நிரூபிப்பதும் எளிதாகும்.

இனித் தேடும் விதத்தைக் கூறுவோம். கூண்டில் வளர்ந்த பட்சி பெரும்பாலும் ஓடிப்போக எண்ணிப் பறப்பதில்லை. நாய் குரைத்தோ, பாத்திரம் விழுந்தோ, பருந்தின் நிழல் கண்டோ வெருண்டு எழும்புகிறது. எழும்பியபின் எதிர்ப்பட்ட உயர்ந்த மரத்தில் ஒண்டுகிறது. மேலே பறப்பது அதற்கு எளிது. செங்குத்தாகக் கீழே இறங்குவது பழக்கத்தினாலன்றி வருவதில்லை. பயத்தினால் மணிக்கணக்காகச் சத்தமிடாமலும் இருக்கும். இதனை அறியாத அநேகர், கூப்பிட்டும் குரல் வரவில்லையே என்று முதல் நாளிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அது தலைக்கு மேலேயே இருந்திருக்கும்.

பறந்த திசையினின்று கண்ணை எடுக்காமல் ஒருவர் நிற்க, மற்றொருவர் கூண்டை எடுத்துவருதல் வேண்டும. மரத்தில் ஏறுவதும், கழியால் தட்டுவதும், ஊரார் திரண்டு கூச்சலிடுவதும் கூடா. அது நன்கு அறிந்த ஒருவர் மட்டும் அதன் பார்வையில் உட்கார்ந்து, வழக்கமான சீழ்க்கையை அடித்து, அதற்குப் பிரியமான தினைக்கதிரையோ கொய்யாத்துண்டையோ காட்டிக்கொண்டிருக்கவேண்டும். ஜோடிப் பட்சி இருந்தால், அதைக் கூண்டோடு திறந்தவெளியில் வைப்பதைவிடச் சிறந்த உபாயம் வேறில்லை. ஆனால் அக்கூண்டிற்கு நிழலும் காவலும் அவசியம். ஒன்றைத் தேடப்போய் மற்றதைப் பூனைக்குக் கொடுத்துவிடலாகாது.

பொழுது விடிந்த முதல் ஒரு மணி நேரமும், அஸ்தமனத்திற்கு முந்திய ஒரு மணி நேரமும் தேடுதற்கு ஏற்றவை. உச்சிப்பொழுதில் பட்சிகள் இலைமறைவில் ஒடுங்கிவிடும். மாலையில் எம்மரத்தில் அடைகிறது என்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. மறுநாள் இருள் பிரியுமுன்னே அம்மரத்தடியில் இருக்கவேண்டும். இரவில் ஏணி வைத்து விளக்கடித்துப் பிடிக்க முயல்வாரும் உண்டு. வெளிச்சத்தில் மிரண்ட பட்சி இருட்டில் எங்கேனும் மோதிக்கொள்ளும் என்பதால் அது எனக்குச் சம்மதமில்லை.

காக்கைகளைக் கவனிப்பது மிகவும் பிரயோஜனமுள்ளது. அறியாத பட்சி ஒன்று தோப்பில் வந்து உட்கார்ந்தால் அவை கூடிக் கரைந்து துரத்தும். சோளம் முற்றியிருந்த சமயத்தில் ஒரு கிராமத்தில் வெள்ளைக் காக்கடீல் ஒன்று பறந்துபோயிற்று. அடுத்த புன்செய்க்காரர் பச்சைக்கிளிகளுக்காகப் பரண் கட்டிக் காவல் வைத்திருந்தார். பட்சிக்கு உடையவர் ஊரெல்லாம் அலைவதற்கு முன் அவரிடம் சென்று, தோப்பை ஒட்டிய துண்டில் மட்டும் கவண்கல் வீசாமல் இருக்கும்படி வேண்டிக்கொண்டார். விளைந்த கதிரைக் கிளிக்கு விட்டுக்கொடுப்பது சிறு காரியமன்று. எனினும் அவர் இணங்கினார். மூன்றாம் நாள் விடியலில் இலுப்பை மரத்தில் காக்கைகள் கரைவதைக் கேட்டு ஓடியபோது, காக்கடீல் ஒரு கிளையில் ஒடுங்கி இருந்தது. வீட்டுப் பெண்குழந்தை ஜோடிப் பட்சியின் கூண்டை மரத்தடியில் வைத்துச் சீழ்க்கையடித்தாள். கிளை கிளையாக இறங்கி அது கூண்டின்மேல் வந்து உட்கார ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் கையை நீட்டவில்லை. அவசரத்தில் எட்டிப் பிடிக்கப் போயிருந்தால் மறுபடியும் பறந்திருக்கும். தோப்போரத்தில் போன தானியத்திற்கு ஈடாக ஒரு மரக்கால் சோளம் அளந்து கொடுக்கப்பட்டது. புன்செய்க்காரரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டொரு நாள் பசித்தபின் பழகிய பட்சி மனிதரை நாடி யாருடைய முற்றத்திலாவது இறங்குவதுண்டு. ஆகையால் அண்டை ஊர்களுக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் உடனே தெரிவிக்கவேண்டும். படத்தையும் நிறத்தையும் சொல்லலாம். கால்வளையத்து எண்ணை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொண்டால், கண்டெடுத்த பட்சி தம்முடையதா என்று ஒத்துப்பார்க்க உதவும். பழத்தோட்டங்களில் விரித்த நைலான் வலைகளையும் தினம் இருமுறை பார்வையிடவேண்டும். சிக்கிய பட்சி வெயிலில் நெடுநேரம் பிழைத்திராது.

கிராம நிர்வாக அலுவலர்களிடம் யாரேனும் பட்சியைக் கொண்டுவந்தால், துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, தண்ணீரும் தினையும் கொடுத்து, சந்தடியில்லாத இடத்தில் இருத்துவது போதும். நாட்டுப் பச்சைக்கிளியாயின் தாமே பறக்கவிடாமல் வனத்துறையிடம் சேர்ப்பிக்கவேண்டும். கையில் வளர்ந்த குஞ்சு வெளியில் இரை தேட அறியாது. எப்பட்சியாயினும் கோழிக்கூண்டின் அருகே வைக்கலாகாது. வெள்ளைக்கழிச்சல் நோய் கிளிக்கும் வரக்கூடியது. பேசும் கிளியாயின் சற்றுச் செவிகொடுத்துக் கேட்பதும் தகும். 2008ஆம் வருஷம் ஜப்பானில் நகரெயாமா என்ற ஊரில் தொலைந்த சாம்பல் கிளியொன்று, மிருகவைத்தியரிடம் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் ஒப்பித்து வீடு போய்ச் சேர்ந்தது.

இறகு நறுக்கினால் பறக்காது என்று நம்பிக் கூண்டில்லாமல் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போவது தவறு. நறுக்கிய பட்சியையும் பலத்த காற்று தூக்கிச் செல்லும். இறகு உதிர்ந்து புதிது முளைத்தபின் நறுக்கியதன் பயனும் இல்லை. நறுக்கிய பட்சி பூனைக்கும் எளிதில் அகப்படும். வெளியில் விடவேண்டுமாயின் கம்பிவலையடித்த அறை கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் அமைக்கவேண்டும். ஒன்றை மூடியபின்னரே மற்றதைத் திறப்பது என்பது வீட்டார் அனைவருக்கும் பழக்கமாகவேண்டும். வலைக்கண் அரை அங்குலத்திற்கு மேற்பட்டால் சாரைப்பாம்பு நுழையும். வல்லூறு மேலிருந்து பாயாதபடி பாதிக் கூரையையாவது மூடிவிடவேண்டும். புதிய துத்தநாகப் பூச்சுக் கம்பியைக் காடி விட்டுத் தேய்த்துக் கழுவியபின் உபயோகித்தல் நலம்; கம்பியைக் கொறிக்கும் கிளிக்குத் துத்தநாகம் விஷமாகும். காக்கடீல்கள் இரவில் திடுக்கிட்டுக் கூண்டில் மோதிக்கொள்ளும் சுபாவமுடையன; சிறு விளக்கு ஒன்று எரியவிடலாம்.

விவசாயி வீட்டிற்கே உரிய அபாயம் ஒன்றுண்டு. மருந்து கலந்து நிறமேறிய விதையும், எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு கலந்த தானியமும் தாழ்வாரத்தில் கிடந்தால், பட்சிக்கு அவை தினையைப் போலவே தோன்றும். விதைப்புக் காலத்தில் அவற்றைப் பூட்டி வைத்தபின்னரே கூண்டைத் திறக்கவேண்டும்.