தீயணைப்பு நிலையத்தை எங்கே அமைப்பது?

நிலையங்களை இரட்டிப்பாக்கினால் தீயணைப்பு வண்டி கடக்கும் தொலைவு பாதியாகும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், நியூயார்க் நகரை ஆராய்ந்த பீட்டர் கோலெசரும் எட்வர்ட் பிளமும் 1973இல் வெளியிட்ட வர்க்கமூல விதி, அதாவது பகுதியின் பரப்பை அங்கே அழைப்புக்குத் தயாராக நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுக்க வரும் ஈவின் வர்க்கமூலத்துக்கேற்பச் சராசரித் தொலைவு மாறும் என்னும் விதி, தொலைவு பாதியாக நான்கு மடங்கு வண்டிகள் வேண்டும் என்று காட்டியது. வேறொரு தீயை அணைத்துக்கொண்டிருக்கும் வண்டி இக்கணக்கில் சேராது என்பதே இதில் மிக முக்கியமானது. ஆகவே தீ அடிக்கடி மூளும் பகுதியில், வரைபடத்தில் நிலையங்கள் நெருங்கியிருந்தாலும், உதவி தொலைவிலிருந்தே வர நேரிடும். 1970களில் அந்நகரின் பிராங்க்ஸ் பகுதியில் சில தீயணைப்புப் பிரிவுகள் மூடப்பட்டபோது, வண்டிகளின் இந்த ஓயாத பணிச்சுமையைத் திட்டமிட்டோர் போதிய அளவு கருதவில்லை என்ற விமர்சனம் எழுந்தது, அவ்விமர்சனம் நியாயமானதே.