மட்டை அழுகினால் மண்ணுக்கு என்ன இலாபம்?

செம்பனைக் காட்டில் குலை வெட்டுபவர்களுக்கு ஒரு மனக்குறை எப்போதும் உண்டு. "குலையை வெட்டினால் வெள்ளி கிடைக்கும். மட்டையைத் துண்டு போட்டு, நிரை பார்த்து அடுக்கினால் என்ன கிடைக்கும்? மண்டோரிடம் ஏச்சு வாங்காமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான்" என்பார்கள். நியாயமான பேச்சுதான். மட்டையை யாரும் நிறுத்துப் பணம் கொடுப்பதில்லை. ஆனால் அந்த அடுக்கின் கீழே, மண்ணுக்குள் ஒரு சேமிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இப்போது உங்களோடு பேசப் போகிறேன்.

மரம் காற்றிலுள்ள கரிவளியை இழுத்துத்தான் உடம்பு வளர்க்கிறது. உங்கள் பிள்ளையின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினாலே இது தெரியும். காய்ந்த மட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி, இப்படிக் காற்றிலிருந்து வந்த கரிதான். வளர்ந்த செம்பனை நிற்கும் ஒரு ஹெக்டரில், அதாவது இரண்டரை ஏக்கரில், ஆண்டுக்குச் சுமார் 10 டன் காய்ந்த மட்டை மண்ணில் சேருகிறது. ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டில் அது மக்கிவிடும். மக்கும்போது பெரும்பகுதி மறுபடியும் கரிவளியாகக் காற்றுக்கே போய்விடும். மிஞ்சுகிற சிறு பங்குதான் கறுப்பு மக்காகி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது.

சொற்பந்தானே என்று நினைத்துவிடாதீர்கள். செம்பனை 25 ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும் மரம். சோளக் கொல்லையைப் போல ஆண்டுதோறும் உழுது கிளறுவதில்லை. கிளறினால் மண்ணுக்குள் காற்றுப் புகுந்து மக்கு வேகமாகக் கரைந்துவிடும். கிளறாத மண்ணில் அது தங்கும். போதாததற்கு, பழைய வேர்கள் வேறு உள்ளேயே மடிந்து மக்குகின்றன.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் இதைச் செய்துகாட்டுவது வழக்கம். மட்டை அடுக்கின் கீழிருந்து ஒரு மண்கட்டி, குலை சுமக்கும் பாதையிலிருந்து ஒரு மண்கட்டி. இரண்டும் கொட்டைப்பாக்கு அளவு இருக்கட்டும். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். பெரும்பாலும் பாதை மண் சீக்கிரமே உடைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். அடுக்கின் மண் நெடுநேரம் கட்டியாகவே கிடக்கும். மக்குதான் அங்கே பசை. அந்தப் பசை இருக்கிற மண் மழை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; நீங்கள் வாளி வாளியாகச் சுமந்து போட்ட உரத்தையும் ஓடவிடாது.

இதற்கும் ஊரில் ஓடும் லாரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலேசியாவில் 2011-ஆம் ஆண்டு முதல் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை 5 விழுக்காடு கலந்தார்கள். 2019-இல் அது 10 விழுக்காடானது. மரம் இழுத்த கரிவளிதானே திரும்பப் போகிறது, காற்றுக்குக் கேடில்லை என்பது இதன் கணக்கு. கணக்கு சரிதானா? மண்ணைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

லாலாங் புல் மண்டிக்கிடந்த மேட்டு நிலத்தில் நட்டிருந்தால் சேமிப்பு கூடும். பெருங்காட்டை அழித்து நட்டிருந்தால், காட்டு மரத்திலிருந்த கரியும் அடிமண்ணிலிருந்த கரியும் போன பிறகுதான் கணக்கே தொடங்குகிறது. அந்தக் கடன் அடைய நெடுங்காலம் ஆகும். எல்லாவற்றிலும் மோசம், 'தானா கம்புட்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சதுப்பு மண். தண்ணீரில் ஊறியபடியே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மக்கு அது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததும் காற்றுப் பட்டு ஆண்டுதோறும் கரைகிறது. நிலம் தாழ்ந்து, வேர் வெளியே தெரிய, செம்பனை சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே! அங்கே எத்தனை மட்டை அடுக்கினாலும் ஈடாகாது. வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தால் கரைவது கொஞ்சம் குறையும்.

மறுநடவு என்றாலே முன்பெல்லாம் புகைதான். மரத்தைச் சாய்த்து, காயவிட்டு, கொளுத்துவார்கள். கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையைப் பரப்பி, 1992-இல் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' விருதைப் பெற்றது. 1997-ஆம் ஆண்டின் புகைமூட்டம் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. அடுத்த ஆண்டே திறந்தவெளியில் எரிப்பதற்கு எதிரான சட்டம் கடுமையாக்கப்பட்டது. இப்போது மரத்தைச் சீவிப் பரப்பிவிட்டு, மேலே கொடி படர விடுகிறார்கள். அந்தக் கொடிகளில் முக்குனா என்பது கேரளத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து இங்கே வந்தது.

எரிக்காத முறையில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். அழுகும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, இளங்கன்றின் குருத்தைத் துளைத்துவிடும். ஆகவே மெல்லிய துண்டுகளாகச் சீவவேண்டும். கொடி விரைவாக மூடவேண்டும். இவ்வளவும் மனிதர் கையால் நடக்கிற வேலை. என்னைக் கேட்டால், மட்டை அடுக்குவதைக் குலை வெட்டும் கூலிக்குள் இலவசமாகச் சேர்ப்பதே தவறு. மண்ணுக்குச் சேமிப்பு என்று நிர்வாகம் பெருமைப்படுமானால், சேமித்துக் கொடுக்கிற கைக்கும் ஒரு பங்கு இருக்கவேண்டாமா?

மேட்டுக்காட்டில் அடுக்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சரிவில் மேலிருந்து கீழாக அடுக்காதீர்கள்; குறுக்கே அடுக்குங்கள். மழை வெள்ளம் அதில் முட்டி நிற்கும். ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையைப் பரப்பும்போது ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவியலாகக் கொட்டினால் வண்டுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்ததாகும்.