பூட்டும் ஒப்பமும்: சங்கேதக் கருவிகளைக் கையாள்வது குறித்துச் சில குறிப்புகள்

1908இல் 'இந்தியா' வார இதழ்மீது ராஜத்துரோக வழக்கு வந்தது. அதன் எழுத்துக்குப் பின்னால் இருந்தவர் பாரதி என்பது சென்னையில் பலருக்கும் தெரியும். ஆனால் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர், பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன். எங்கள் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி அதே ஆண்டு புதுச்சேரிக்குப் போய்விட்டார். இது சரியா தவறா என்று பேசிப் பேசி ஓய்ந்தாயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எழுதிய கை எதுவென்பதைவிட, பொறுப்பேற்று ஒப்பமிட்ட பெயர் எது என்பதைத்தான் அதிகாரம் பிடித்துக்கொள்கிறது. 'ஆசிரியனின் மரணம்' பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். நீதிமன்றத்தில் மட்டும் ஆசிரியன் சாவதே இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இயக்க வேலைகளில் இருக்கும் நண்பர்கள் சிலர் செய்திகளைச் சங்கேதமாக்க நிரல் எழுதுகிறார்கள். "என்க்ரிப்ட் பண்ணியாச்சு, சைனும் பண்ணியாச்சு, இனி பயமில்ல தோழர்" என்கிறார்கள். இரண்டையும் 'பாதுகாப்பு' என்கிற ஒரே மூட்டைக்குள் கட்டிவிடுகிறார்கள். ஆனால் மறையாக்கம் பேச்சை ஒளிக்கிறது, ஒப்பம் பேசியவரை அம்பலமாக்குகிறது. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகும் இந்த இரண்டு காரியங்களும் ஒரே மென்பொருளில் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களாக இருக்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த மென்பொருளுக்கே ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. 1991இல் அமெரிக்காவின் ஃபில் சிம்மர்மன் 'பிஜிபி' என்ற நிரலை வெளியிட்டார். அது நாடு கடந்து பரவியதும், ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின்கீழ் அவர்மீது விசாரணை வந்தது. நிரல் ஆயுதமென்றால் புத்தகம் என்ன? 1995இல் அந்த மூலநிரல் முழுவதும் எம்ஐடி பதிப்பகத்தின் புத்தகமாக அச்சேறியது. 1996 ஜனவரியில் விசாரணை கைவிடப்பட்டது. அதே வேலையைச் செய்யும் கட்டற்ற மென்பொருளை ஜெர்மனியின் வெர்னர் காஹ் எழுதினார். 'ஜிஎன்யூபிஜி' என்ற அதன் முதல் பதிப்பு 1997 டிசம்பரில் வந்தது. நம் நிரலுக்குள்ளிருந்து அதை அழைத்து வேலை வாங்க 'ஜிபிஜிஎம்ஈ' என்றொரு லைப்ரரி இருக்கிறது. லைப்ரரி என்றால், பிறர் எழுதிச் சோதித்து வைத்திருக்கும் செயற்கூறுகளின் தொகுப்பு. சங்கேதக் கணிதத்தை நாமே எழுதக் கூடாது, இதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இது இயங்கும் முறை எளிமையானது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்று பொதுச்சாவி, ஊருக்கே கொடுக்கலாம். மற்றது ரகசியச்சாவி, தன் கையைவிட்டுப் போகக் கூடாது. கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம், சாவி வைத்திருப்பவர்தான் திறக்கலாம். போட்டவரே கூட திரும்ப எடுக்க முடியாது. மறையாக்கம் இப்படித்தான். பெறுபவரின் பொதுச்சாவியால் பூட்டுகிறோம், அவர் தன் ரகசியச்சாவியால் திறக்கிறார். ஒப்பம் இதற்குத் தலைகீழ். முத்திரை மோதிரம் மாதிரி. அனுப்புபவர் தன் ரகசியச்சாவியால் முத்திரை வைக்கிறார், அவருடைய பொதுச்சாவி உள்ள எவரும் அதை ஒத்துப் பார்க்கலாம். 'எவரும்' என்பதில் போலீசும் அடக்கம்.

லைப்ரரியில் இவை நான்கு அழைப்புகள்: என்க்ரிப்ட், டிக்ரிப்ட், சைன், வெரிஃபை. நாலு வரியில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அந்த வரிகளுக்குள் சில கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று எப்படித் தெரியும்? உறுதிப்படுத்தாத சாவிக்குப் பூட்டச் சொன்னால் லைப்ரரி மறுக்கும். அந்த மறுப்பை வாயடைக்க 'எப்போதும் நம்பு' என்றொரு தேர்வு உண்டு. பலர் தொல்லை தாங்காமல் அதைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், யாரோ இடையில் நுழைத்த போலிச்சாவிக்கும் நம் ரகசியம் ஒழுங்காகப் பூட்டிப் போய்ச் சேரும். சரியான வழி, சாவியின் கைரேகை எனப்படும் எண்ணெழுத்துத் தொடரை நேரிலோ, குரல் தெரிந்தால் போனிலோ ஒப்பிடுவது. பிறகு நம் சாவியால் அவர் சாவிக்கு ஒப்பமிட்டுச் சான்று தருவது. சுப்பையா என்கிற பையனுக்கு 'பாரதி' என்ற பெயர் எட்டயபுரத்தில் புலவர் சபை முன்னால்தான் கிடைத்தது. தெரிந்தவர்கள் கூடிச் சான்று சொன்னால்தான் ஒரு பெயர் நிற்கும்.

இரண்டாவது, வெரிஃபை என்ற அழைப்பு பிழையில்லாமல் முடிந்தது என்பதற்கு, ஒப்பம் சரி என்று அர்த்தமில்லை. சோதித்துப் பார்த்தேன் என்று மட்டுமே அர்த்தம். ஒப்பம் செல்லுமா, சாவி காலாவதியானதா, திரும்பப் பெறப்பட்டதா என்பதையெல்லாம் அது திருப்பித் தரும் முடிவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்த முடிவில் ஒப்பமே இல்லாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, தமிழுக்கே உரிய சிக்கல். ஒப்பம் எழுத்தின் பைட்டுகளோடு ஒட்டியது, ஒரு புள்ளி மாறினாலும் செல்லாது. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. இடையில் ஏதேனும் ஒரு மென்பொருள் ஒன்றை மற்றதாக மாற்றிவிட்டால் ஒப்பம் முறியும். கோப்பை அப்படியே வைத்து, ஒப்பத்தைத் தனிக் கோப்பாக இணைத்து அனுப்புவது நல்லது.

நான்காவது, ஒப்பமிட்டுப் பூட்டிய கடிதத்தைப் பெறுபவர் திறந்து, ஒப்பத்தை அப்படியே வைத்து, இன்னொருவருக்குப் பூட்டி அனுப்பலாம். அவர் அதை நாமே தனக்கு எழுதியதாக நம்புவார். நம் பழைய கடித மரபு இங்கே கைகொடுக்கிறது. ஊர், தேதி, 'அன்புள்ள இன்னாருக்கு' என்பதை எழுதிவிட்டுத்தான் ஒப்பமிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பீமா கோரேகான் வழக்கில் 2018இல் கைதான ரோனா வில்சனின் கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் முக்கியச் சான்றாக வைக்கப்பட்டன. நெட்வயர் என்ற வேவு மென்பொருள் மூலம் அவை வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. திருச்சிப் பக்கம் பிறந்த ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5இல் காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கணினியிலும் கோப்புகள் புகுத்தப்பட்டன என்ற அறிக்கை 2022 டிசம்பரில்தான் வந்தது. அவர் போய் ஒன்றரை வருஷம் கழித்து.

"அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒப்பமிட வேண்டும், ஒப்பமில்லாதது நம்முடையதில்லை என்று சொல்லிவிடலாம்" என்று ஒரு நண்பர் வாதிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. கோப்பைப் புகுத்தத் தெரிந்த வேவு மென்பொருளுக்கு, தட்டும் கடவுச்சொல்லைக் களவாடி, ரகசியச்சாவியையும் எடுத்துப்போகத் தெரியும். அப்போது போலிக் கடிதத்தில் நம் உண்மையான முத்திரையே இருக்கும். ஒப்பம் காட்டுவது சாவியைத்தான், மனுஷனை இல்லை. ஒப்பமில்லாத கடிதத்தை நாம் எழுதவில்லை என்பதற்கும் அது நிரூபணமாகாது.

இந்த ஆபத்தைச் சங்கேதவியலாளர்களும் உணர்ந்தார்கள். 2004இல் போரிசோவ், கோல்ட்பெர்க், ப்ரூவர் மூவரும் 'ஆஃப் த ரெக்கார்ட்' என்ற முறையை முன்வைத்தார்கள். பேசும்போது எதிரே இருப்பது யாரென்று இருவருக்கும் உறுதியாகத் தெரியும். பேசி முடித்தபின், மூன்றாமவரிடம் கொண்டுபோய் நிரூபிக்கும் முத்திரை எதுவும் மிஞ்சாது. திண்ணைப் பேச்சு மாதிரி. இன்றைய சிக்னல் செயலி இந்த வழியில் வந்ததுதான். இரண்டு பேர் பேசுவதற்கு இதுவே தகுந்தது. அறிக்கைக்கும், வெளியீட்டுக்கும், நாம் எழுதிக் கொடுக்கும் மென்பொருளுக்கும் ஒப்பம் வேண்டும், அங்கே மறுதலிக்க முடியாமைதான் பலம்.

கருவியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் தந்த, கடிதத்தை இடைமறிக்கும் அதிகாரம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, மறையைத் திறந்துகாட்ட உதவ மறுப்பவருக்கு ஏழாண்டுவரை சிறை என்கிறது. பூட்டிய மின்னஞ்சலிலும் யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது திறந்தே கிடக்கும். 2018 மே 22இல் தொடங்கிய துப்பாக்கிச்சூட்டில் தூத்துக்குடியில் மொத்தம் 13 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. கம்பியையே அறுத்துவிட்டால் எந்தச் சங்கேதமும் ஊர் தாண்டாது.

ஆகவே நான் நண்பர்களிடம் சொல்வது இதுதான். பூட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ரகசியம் இருக்கிறவர் மட்டும் பூட்டினால் பூட்டே காட்டிக்கொடுத்துவிடும், சாப்பாடு பற்றிய கடிதத்தையும் பூட்டுங்கள். ஒப்பத்தை மட்டும் பழக்கமாக்க வேண்டாம். நிரல் எழுதும்போது 'சைன்' என்பதைத் தானாக நடக்கும்படி வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அது கேட்கட்டும். இந்தச் சொல்லுக்காகப் பெயர் கொடுத்து நிற்கத் தயாரா என்று யோசித்த பிறகு விரல் விசைக்குப் போகட்டும். சீனிவாசன் பெயர் கொடுத்தது ஒரு பதிவேட்டில், ஒரு தடவை. நாம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.