பெரும்பான்மையை எண்ணும் இடம்

நமது அரசியல் அமைப்பில் வாக்காளர் முதல் மந்திரியை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. தம் தொகுதிக்கு ஓர் அங்கத்தினரையே தேர்ந்தெடுக்கின்றனர். சட்டசபையில் பெரும்பான்மை அங்கத்தினரின் நம்பிக்கையைப் பெற்றவர் மந்திரி சபையை அமைக்கிறார். சங்க உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க, அக்குழுவினர் தம்முள் ஒருவரைத் தலைவராக்கும் முறையோடு இதனை ஒப்பிடலாம்.

ஆகவே, மிகுதியான இடங்களைப் பெறுவது வேறு. பெரும்பான்மை பெறுவது வேறு. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபையின் 375 இடங்களுள் காங்கிரஸ் கட்சி 152 இடங்களைப் பெற்றது. அடுத்து வந்த கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கிடைத்தவை 62. ஆயினும் பெரும்பான்மைக்கு 188 பேர் வேண்டும். எதிர்க்கட்சிகள் பல திரு. த. பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி, ஆட்சியுரிமை தமக்கே என்றன. கவர்னர் ஸ்ரீ பிரகாசா ராஜாஜியை அழைத்தார். சிறு கட்சியினர், சுயேச்சைகள் சிலரது ஆதரவும் சேர, அவ்வாண்டு ஜூலையில் சபை அவர் மீது நம்பிக்கை தெரிவித்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 151.

முதலில் யாரை அழைப்பது என்னும் வாதம் அத்துடன் ஓயவில்லை. எனினும், மந்திரி சபைக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைக் கவர்னர் தாமே கணித்து முடிவு செய்யலாகாது, சபையிலேயே அது சோதிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் பொம்மை வழக்கில் தெளிவாக்கியது.

அவ்வாறு எண்ணும்போது ஒரு வாக்கும் அற்பமன்று. 1999 ஏப்ரல் 17ஆம் நாள் மக்களவையில் வாஜ்பாய் மந்திரி சபை கோரிய நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 269 வாக்குகளும் எதிராக 270 வாக்குகளும் விழுந்தன. மந்திரி சபை வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே நாடு மீண்டும் தேர்தலைச் சந்தித்தது.

ஒரு வாக்குக்கு இத்துணை வலிமை இருப்பதாலேயே அதனை விலைபேசும் தீமையும் தோன்றுகிறது. அதனைத் தடுக்க 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. தம் கட்சியை விட்டு விலகும் அங்கத்தினரும், கட்சிக் கட்டளையை மீறி வாக்களிப்பவரும் பதவி இழக்க நேரும்.

இவற்றிலிருந்து நம் சங்கங்கள் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. பங்குத்தொகை எவ்வளவாயினும் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் அடிப்படை. ஆனால், கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தும், நடவடிக்கைப் புத்தகத்தில் “ஏகமனதாக நிறைவேறியது” என்றே எழுதிவிடும் வழக்கம் சில சங்கங்களில் உள்ளது. நூல் கொள்முதலாயினும் கடன் வரம்பாயினும், பிற்காலத்தில் நஷ்டம் நேருங்கால், எதிர்த்தவரும் இசைந்தவராகவே கருதப்படுவர். எனவே, அடுத்த மகாசபையில் கைகளை எண்ணுமாறு கேளுங்கள். ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று புத்தகத்தில் பதிவான பின்னரே கையொப்பமிடுங்கள்.